முழங்கையில் ஒட்டிய விசிறி

என் கல்யாணத்தன்று நான் திருடினேன். திருடியது ஒரு விசிறி. அதுவும் அட்டையில் ஒட்டிய படம். அதனால் குற்றம் சின்னதென்று நினைக்க வேண்டாம்.

1940களின் தொடக்கம். நான் ஆண்டிபட்டிக்காரன், பி.ஏ. தேறியவன். (தேறி ஆறு மாதம் ஆகியும் தலைக்கனம் இறங்கவில்லை.) பெண் வேலம்மாள், அனுமந்தன்பட்டி. அவளுக்கு மதுரை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. என் வீட்டு மருமகள் படித்து என்ன ஆகப்போகிறது என்று நான் கையை விரித்துவிட்டேன்.

நலுங்கில் அப்பளம் உடைத்து, தேங்காய் உருட்டி முடித்ததும் வேலம்மாள் ஒரு கட்டு அட்டையை எடுத்து வைத்தாள். தீப்பெட்டியிலும் துணிக்கட்டிலும் வந்த படங்களை அவளே ஒட்டிச் செய்த ஆட்டம். ஒருவர் வைக்கும் படத்தின் பெயர் எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் படத்தை மற்றவர் வைக்க வேண்டும். முடியாதவர் தோற்றார்.

"நான் செயிச்சா ரெண்டு வருசம் மதுரையில படிக்க விடணும்" என்றாள், கூட்டத்தின் நடுவே. பி.ஏ.வாயிற்றே, தலையாட்டினேன்.

ஆனாலும் அட்டைகளைக் கலைத்துப் போடும்போது விசிறியை உருவி, திண்டின் மேல் வைத்து, முழங்கையால் மூடி ஜமீன்தார் போலச் சாய்ந்துகொண்டேன். அதை நான் வைத்துவிட்டால், பதிலுக்கு வைக்க 'றி'யில் தொடங்கும் படம் உலகத்திலேயே கிடையாது. கைகளில் அப்போதுதான் பூசிய சந்தனம் ஈரமாக இருந்ததை மட்டும் பி.ஏ. மறந்துவிட்டது.

அவள் சாவி வைத்தாள். நான் விளக்கு. அவள் குருவி. கையில் வேறு 'வி' இல்லை. என் வேளை வந்துவிட்டதென்று திண்டைத் தடவினேன், அட்டையைக் காணவில்லை. திண்டைப் புரட்டினேன், பாயைத் தூக்கினேன், என் மேலேயே தேடினேன். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

வேலம்மாளின் அத்தை நிதானமாகச் சொன்னார்: "மாப்பிள்ளைக்குப் புழுக்கம் போல. முழங்கையிலயே விசிறி வச்சிருக்காக."

பந்தல் சிரித்து ஓயும்வரை வேலம்மாள் காத்திருந்தாள். பிறகு என் கையைத் திருப்பி, அட்டையை வலிக்காமல் உரித்தெடுத்தாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல" என்றாள் மெதுவாக. அடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி, "மதுரைக்கு எந்தப் பஸ்ஸுல கூட்டிட்டுப் போவீக?"

காலைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். அவள் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற நாளில் ஊரே மாலையோடு நின்றது. பள்ளியிலிருந்து அவள் பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். அன்று அந்த அட்டை ஒட்டாமல் இருந்திருந்தால் எதைத் திருடியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் இதைச் சொன்னதில்லை, எழுதிவிட்டேன்.

இன்றும் என் வீட்டில் நான் ஏதாவது அடித்துச் சொன்னால், நேற்று இனிப்பு தொடவில்லை என்று சத்தியம் செய்தபோதும், பேரப்பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "தாத்தா, முழங்கையைக் காட்டுங்க."

காட்டிவிடுகிறேன்.