பென்சில் பரிசோதகர்

தேர்வு எழுதுபவர்களில் ஒரு வகையினர் பாடம் படிப்பார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்னொரு வகையினர் பென்சில் படிப்பார்கள். நாம் பார்க்கப்போவது இவர்களைத்தான்.

வட்டத்தைக் கருப்பாக்கி விடை சொல்லும் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே இவர் கடைக்கு வந்துவிடுவார். பென்சிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மேசையில் உருட்டிப் பார்ப்பார், காதருகே தட்டி உள்ளே முறிந்திருக்கிறதா என்று கேட்பார், கடைக்காரரின் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பதினாறு வட்டம் போட்டு நிரப்புவார். அப்புறம் பெருமூச்சு.

"கொஞ்சம் சாம்பலா இருக்கே. விடைத்தாள் திருத்துற மிஷினுக்குத் தெரியுமா?"

"பென்சில்னா எழுதும் தம்பி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்," என்பார் கடைக்காரர். பாமரர்.

என் பெரியம்மா மகன் இந்த இனத்தின் சிகரம். வயது வரம்பின்படி அண்ணனுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. நூறு கேள்வி, நூறு நிமிடம், எழுபது சரியானால் வேலை. முன்பு இரண்டு முறை தோற்றதற்குக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: ஒரு முறை முனை மிகக் கூர், மறுமுறை மிக மழுக்கம். படிப்பில் குறையா? அதுதான் இல்லை. கேள்வியைப் பாதி வாசிப்பதற்குள் பதில் சொல்வார். ஆனால் அந்த வீட்டில் யார் கேள்வி கேட்டார்கள்? பெரியம்மா சமையலறையில் உட்கார்ந்து, முனை சாய்வாக இருந்தால் மூன்று இழுப்பில் வட்டம் நிறையும் என்ற கொள்கைப்படி, ஒன்பது பென்சில்களை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதே தேர்வை நானும் எழுதினேன்; அறையில் அண்ணன் எனக்குப் பக்கத்து வரிசை. என் கையில் அக்கா கடித்துப் போட்ட பென்சில். அதைப் பார்த்து அவர் என்மேல் காட்டிய இரக்கத்தை மறக்க மாட்டேன்.

மணி அடித்தது. சொன்னபடியே மூன்று இழுப்பில் வட்டம் நிறைந்தது. ஆனால் ஓரத்தில் மயிரிழை வெள்ளை. விடலாமா? நிரப்பினார். கோட்டைத் தாண்டியது. அழித்தார். தூளை ஊதினார். பென்சிலை மாற்றினார். தாளைச் சாய்த்து மினுமினுப்பைச் சரிபார்த்தார். பிறகு இரண்டாம் கேள்வி.

மேற்பார்வையாளர் தாளை வாங்க வந்தபோது அண்ணன் அறுபத்தெட்டாம் வட்டத்தின் விளிம்பில் இருந்தார்.

"ஒரு ஓரம் மட்டும் மேடம்."

"எழுந்திருங்க."

முடிவு வந்தது. அறுபத்தெட்டும் சரி. மிஷின் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. என் மங்கல் வட்டங்களையும் அது தவறவிடவில்லை என்பதை நான் அந்த வீட்டில் சொல்லவில்லை.

பெரியம்மா மதிப்பெண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். "மீதி முப்பத்திரண்டும் உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்மா."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நாளை தொடங்கப்போகும் ஏதோ ஒரு காரியத்துக்காகப் புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து அடிக்கோடு மட்டும் போட்டு, மாதக்கணக்கில் மூடி வைத்திருக்கிறீர்களே, அந்தக் கோடாவது நேராக வந்ததா?