பூனைக்குப் பெயர் வெட்டாத வட்டில் கிடைக்காத விவரம்

தக்கலை,
ஆனி 20

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்திவரும் மைத்துனர் திரு. ச. ராஜமணி அவர்களின் மேலான சமூகத்திற்கு, தங்கள் அக்காள் மீனாட்சியம்மாளின் கணவனும், போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்தொரு வருடம் நேரக் காப்பாளனாக இருந்து ஓய்ந்தவனுமாகிய முத்துக்குமாரசாமி பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கு நான், மீனாட்சி, பூனை ஒன்று, குட்டிகள் நான்கு ஆகிய யாவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கு தாங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்கத் தாணுமாலயனை வேண்டுகிறேன். பதினேழு தடவை போன் அடித்தும் தாங்கள் எடுக்காதபடியால் தபாலில் வருகிறேன்.

மாப்பிள்ளை, விஷயத்துக்கு வருகிறேன். மகள் ஆர்த்திகா கல்யாணம் ஆவணி இருபத்தேழு என்பது உமக்குத் தெரியும். அழைப்பிதழ் அச்சகத்தில் இருக்கிறது. தாய்மாமன் பெயர் வரவேண்டிய வரி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. அவர்கள் தினமும் கேட்கிறார்கள், நான் தினமும் நாளைக்கு என்கிறேன். உம்முடைய பெயரைப் போட்டு நீர் வராமல் போனால் மண்டபத்தில் சிரிப்பார்கள்; போடாமல் விட்டால் மண்டபத்துக்கு வருமுன்பே சிரிப்பார்கள். என் மகளைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவர உம்மை விட்டால் அவளுக்கு வேறு மாமன் கிடையாது. ஆகையால் அந்த வட்டில் விவகாரத்தை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படும். பாதியில் படவேண்டாம்.

பூனை வளர்க்க வேண்டும் என்று நான் யாரிடமும் மனுப் போடவில்லை. ஆர்த்திகா பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வரும்போது ஒரு கூடையைக் கொண்டுவந்து, "ரெண்டு மாசத்துக்கு மட்டும் வச்சுக்கிடுங்கப்பா" என்றாள். கூடைக்குள் டோரா. இரண்டு மாதம் எட்டு மாதமாயிற்று, சித்திரையில் அது நான்கு குட்டியும் போட்டது. முதலில் நான் சிரட்டையில்தான் சோறு வைத்தேன். நம் ஊர்ப் பூச்சைகள் சிரட்டையில் தின்று வளராமல் தட்டு மேசை போட்டா வளர்ந்தன? ஆனால் இது நக்க நக்கச் சிரட்டை உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று, பின்னாலேயே பூனை போயிற்று, பூனையைத் தேடி நான் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. சரியென்று சந்தையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் கோப்பை வாங்கினேன். சில வாரத்தில் டோராவின் தாடையெல்லாம் கறுப்புப் புள்ளி, பிறகு பரு, பிறகு சீழ். தூக்கிக்கொண்டு ஓடினால், மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்து, "பிளாஸ்டிக்ல வச்சியளா? அதுல கீறல் விழும், கீறல்ல அழுக்கு ஏறும். அதாக்கும் இது" என்றார். அடுத்து உம்முடைய ஊர்க் கடற்கரைக் கடையிலேயே பூப்போட்ட பீங்கான் கிண்ணம் வாங்கினேன். மீன்குழம்பின் புளி பட்டு அந்தப் பூ இளகிச் சோறு சிவப்பானது. போனில் அதைப் பார்த்த ஆர்த்திகா, "ஐயோ அப்பா, அந்தச் சாயத்துல ஈயம் இருந்தாலும் இருக்கும், தூக்கிப் போடுங்க" என்று ஆபீசில் இருந்தபடியே அலறினாள். தண்ணீருக்கு வைத்த சருவத்தில் ஒரு குட்டி தலைகீழாக விழுந்து, நான் வாலைப் பிடித்துத் தூக்கியபோது பாதி உயிர்தான் மிச்சம். கடைசியில் டாக்டரம்மாவே தீர்ப்புச் சொன்னார்: ஸ்டீல் நல்லது, வாய் அகலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மீசை விளிம்பில் இடிக்கும், சில பூனைகளுக்கு அது பிடிக்காது, குட்டிகளுக்கு எட்டும்படி விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும், நகராத கனமும் வேண்டும், தினமும் கழுவ வேண்டும். எனக்கு எத்தனையோ பிடிக்காமல் இருக்கிறது, இதுவரை யார் கேட்டார்கள்?

ஆக, வேண்டியது ஒரு ஸ்டீல் வட்டில். எங்கள் வீட்டில் பதினெட்டு வட்டில் இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் என்றைக்காவது பெயர் வெட்டாமல் ஒரு கரண்டியாவது அன்பளிப்புக் கொடுத்ததுண்டா? அலமாரியைத் திறந்தால் வாக்காளர் பட்டியல் போல இருக்கிறது. என் அண்ணன், அண்ணன் சம்பந்தி, டிப்போ நண்பர்கள், கோவில் கமிட்டி, காலஞ்சென்ற உம்முடைய தகப்பனார் என்று எல்லோரும் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். அதில் எங்கள் வீட்டுப் பால்காய்ச்சுக்கு நீர் கொடுத்ததும் ஒன்று. அகலம், தாழ்ந்த விளிம்பு, நல்ல கனம். அன்றைக்கு நான்தான் மூக்குக்கண்ணாடி இல்லாமல் கைக்கு வந்ததை எடுத்துப் பூனைக்கு வைத்தேன். பிழை முழுக்க என்னுடையது. மீனாட்சிக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா நீர் வைகாசியில் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து நிற்க வேண்டும்? அடுக்களை வாசலில் டோராவும் குட்டிகளும் நெத்திலிச் சோறு தின்றுகொண்டிருந்தன. நீரும் ஆசையாகக் குனிந்து ஒரு குட்டியைத் தடவினீர். டோரா தின்னத் தின்ன முதலில் 'அன்பளிப்பு' தெரிந்தது, அப்புறம் 'ச', அப்புறம் 'ராஜ'. அது அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நாட்டில் எத்தனையோ ராஜன்கள் இருக்கிறார்கள், சமாளித்திருப்பேன். அந்தச் சவம் 'மணி'யையும் நக்கி, 'மற்றும் குடும்பத்தார்' வரைக்கும் துடைத்து வைத்தது. "அத்தான், நல்ல மரியாதையாக்கும்! எம் பேரு மேல பூச்சை திங்குது" என்றுவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் இறங்கினீர். மீனாட்சி காப்பியும் கையுமாக நின்றவள் உம்மைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. அதிர்ச்சியில் நாக்கு எழும்பாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர். மறுநாளே உம்முடைய வட்டிலை எடுத்துவிட்டு, உயிரோடிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், இறந்தவர் வரமாட்டார் என்று யோசித்து என் மாமனார் பெயருள்ள வட்டிலை வைத்தேன். மத்தியானம்தான் அவர் உமக்கும் தகப்பனார் என்பது உறைத்தது. அதையும் எடுத்தேன். பாத்திரக்கடை சுந்தர்சிங்கிடம் போய், ஒரு வட்டிலில் பெயரை அழித்துத் தரமுடியுமா என்று கேட்டேன். "அண்ணாச்சி, பேரு வெட்டத்தான் எனக்கிட்ட மிசினு உண்டு. மாய்க்க மிசினு இல்லை. தேச்சா கீறலாயிரும்" என்றார். கீறல் என்றதும் டாக்டரம்மா முகம் கண்முன் வந்தது, வேண்டாம் என்றுவிட்டேன். புதிதாகவே ஒன்று வாங்கி, கட்டி வையும் என்று சொல்லி டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மனுஷன் பழக்க தோஷத்தில் 'அன்பளிப்பு: முத்துக்குமாரசாமி' என்று வெட்டி வைத்திருக்கிறார். "காசு வேண்டாம் அண்ணாச்சி, பேரு நம்ம வகை" என்கிறார். ஆகவே இப்போது இந்த வீட்டில் தினம் மூன்று வேளை ஐந்து ஜீவன்கள் என் பெயர் மேல்தான் நெத்திலி தின்கின்றன. நீர் வந்து கண்ணாரப் பார்த்துக் கொள்ளலாம். இதைவிட ஒரு மனுஷன் எப்படி மன்னிப்புக் கேட்பது?

மீனாட்சி உம்முடைய பேச்சை எடுப்பதே இல்லை. நான் எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். பெண்ணுக்குப் பட்டு எடுக்கக் கூப்பிட்டால், "நீங்களே போய் எடுத்துட்டு வாங்க" என்கிறாள். கல்யாண வீடு மாதிரியே இல்லை, மாப்பிள்ளை, யாருக்கோ உடம்புக்கு முடியாத வீடு மாதிரி இருக்கிறது. இந்தக் கிழவனை மன்னித்து ஒரு சம்மதம் சொல்லும்.

உம்முடைய லாட்ஜில் அறைகள் எல்லாம் நிறையவும், பிள்ளைகள் பேரும் படிப்புமாக விளங்கவும் ஆசி கூறி, பூனையின் பேரிலும் வருத்தம் தெரிவித்துக்கொண்டு முடிக்கும்,

முத்துக்குமாரசாமி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடப் போனவனை மீனாட்சி நிறுத்தி, வாசிக்கச் சொன்னாள். கண்ணாடி இல்லாமல் கைக்கு வந்ததை எடுத்தேன் என்ற இடம் வந்ததும், "எதுக்குப் பொய் எழுதுதியோ? எடுத்தது நீங்களா? நானாக்கும் எடுத்தேன்" என்றாள். அவள்தான் எடுத்தாள் என்பது எனக்குத் தெரியும், அவளைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன். "சரி, நீயும் பெயரைப் பார்க்கவில்லை என்று போட்டுவிடட்டுமா?" என்றேன். "பாக்காமலா? பதினெட்டையும் ஒண்ணொண்ணா வாசிச்சுப் பாத்துத்தான் அவன் பேரை எடுத்தேன்" என்கிறாள்.

மாசியில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்து நாகர்கோவிலில் ஒன்பது நாள் கிடந்தாள். முதல் நாளே உமக்குப் போன் போட்டுச் சொன்னேன், வருகிறேன் என்றீர். உம்முடைய வாசலிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம். தாய்மாமன் வரி காலியாக இருப்பதால் அதைப் பற்றி எழுதாமல் மரியாதையாக விட்டிருந்தேன். இனி மறைத்து என்ன?

மேலே கேட்ட மன்னிப்பை எல்லாம் அடித்துவிடச் சொல்கிறாள். அடித்தால் கடிதமே இருக்காது, அதனால் அப்படியே அனுப்புகிறேன், நீரே அடித்துக்கொள்ளும். அவள் எழுதச் சொன்னது இவ்வளவுதான்: "மாமனா வரது பொறவு இருக்கட்டு. அதுக்கு முன்ன எனக்குத் தம்பியா ஒரு நாளு வரட்டு. ஒம்பது நாளும் வாசப்பக்கமே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்னு எழுதுங்க." சொல்லிவிட்டு அழுகிறாள். காலை ஆறு பத்துக்கு உம்முடைய ஊரிலிருந்து ஒரு திருவனந்தபுரம் வண்டி இருக்கிறது, மாப்பிள்ளை. தக்கலையில் நிற்கும்.