கசிவில்லாத நாட்கள் 999

ஆசிட் டிரம்மின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பூட்டு சார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்து பார்த்தார். குழாய் மூடியிலிருந்து இன்னொரு சொட்டு நிதானமாக விழுந்தது.

"இன்னைக்கா?" என்று அதனிடமே கேட்டார்.

கேட்டதில் நியாயம் இருந்தது. தாதுக்கல்லை அரைத்துத் தங்கம் பிரிக்கும் அந்த மில்லின் ரசாயன ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. ஸ்டோர் வாசலில் கண்ணாடிக்குள் ஒரு பலகை: 'கசிவில்லாத நாட்கள் 999'. நாளைக்கு ஆயிரம். மேனேஜர் கையால் கேடயம். பார்க்கச் சம்பந்தியே வருகிறார்.

எதைக் கண்டாலும் பூட்டிவிடுவார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். பலகைக்கும் பூட்டு உண்டு. சாவி அவர் கழுத்துக் கயிற்றில். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து எண்ணை மாற்றிவிட்டுத்தான் வீட்டில் காபி குடிப்பார். இத்தனை நாளில் அவர் லீவு போட்டது மகள் பிரசவத்துக்கு மூன்றே நாள். பேரன் பிறந்ததும் முதலில் பிடித்து இழுத்தது அந்தச் சாவியைத்தான் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. சுவரில் எழுதி ஒட்டியவரே அவர்தான். மணியை அழுத்த வேண்டும், அவசரப் பெட்டியின் சீலை உடைக்க வேண்டும். ஆனால் சீலை உடைத்தால் ரிப்போர்ட் எழுத வேண்டும். ரிப்போர்ட் போனால் பலகை பூஜ்ஜியம்.

'ஒரு சொட்டுதானே' என்றது மனசு. ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு மூடியை இறுக்கினார். சொட்டாக விழுந்தது நூலாக ஒழுக ஆரம்பித்தது.

மூலையில் கிடந்த தகர வாளியைக் கீழே வைத்தார். வாளி புஸ்ஸென்று நுரைத்தது. பதறிப்போய் இழுத்தார். துருப்பிடித்த அடிப்பாகம் ஓட்டையாகி, அதுவரை சேர்ந்ததெல்லாம் மொத்தமாகத் தரையில் ஓடியது.

ஆசிட்டுக்கு பிளாஸ்டிக்தான் லாயக்கு. கைக்கு எட்டிய பிளாஸ்டிக் என்றால் அவருடைய சாப்பாட்டு டப்பா ஒன்றுதான். ஸ்டோருக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் வாசல் கேட்டுக்கு ஓடி, காலை ஒன்பதரை மணிக்கு, நின்றபடியே மத்தியானச் சாப்பாட்டை நாலு வாயில் முடித்தார்.

"என்ன சார், இப்பவே சாப்பாடா?" என்றார் வாட்ச்மேன்.

"பசி."

டப்பாவை ஒழுகலுக்குக் கீழே வைத்த நேரம் மனைவி போன் செய்தாள்.

"சம்பந்தி நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவாராம். அப்புறம், அந்த டப்பா புதுசு. மறக்காம கழுவிக் கொண்டாங்க."

"அந்த டப்பாவை மறந்துடு" என்று போனை வைத்தார்.

அதுவும் நிரம்பியது. தீயணைப்பு வாளியிலிருந்த மணலை அள்ளிக் கொட்டினார். மணல் ஒரு பக்கம் தடுத்தது; ஆசிட் மறுபக்கம் வளைந்து வாசற்படியை எட்டியது. சரியாக அப்போது லேப் அம்மா வந்தாள்.

"சார், சயனைடு ரூம் சாவி குடுங்க."

சயனைடு ரூம் அடுத்த கதவு. இரண்டுக்கும் நடுவே இருந்த சுவரை மேனேஜரோடு மல்லுக்கட்டிக் கட்ட வைத்தவர் பூட்டு சார்தான். ஆசிட்டும் சயனைடும் கலந்தால் கிளம்பும் புகை ஆளையே கொன்றுவிடும். லேப் அம்மாவின் பூட்ஸ் கால் இப்போது ஈரத்துக்கு நேர் மேலே இருந்தது.

"காலை வைக்காதீங்க. அப்படியே பின்னால போங்கம்மா."

"ஏன் சார், தண்ணிதானே?"

"ஆசிட். ஒரு மணி நேரமா மறைச்சிட்டிருக்கேன்."

சொன்ன கையோடு மணியை அழுத்தினார்.

பிறகு அவர் வேலை செய்த அழகை மில்லே நின்று பார்த்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஆட்களை எதிர்ப்பக்கம் நிறுத்தினார். முகக்கவசம் போட்டார், சீலை உடைத்தார், ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுண்ணாம்புத் தூளைப் பதமாகத் தூவினார். டிரம்மைச் சாய்த்துக் குழாய்ப் பக்கத்தை மேலே கொண்டுவந்ததும் ஒழுக்கு நின்றது. பதினோரு நிமிஷம். ஒருவர் கண்கூட எரியவில்லை.

"நான் மறைச்சதையும் ரிப்போர்ட்ல எழுதிட்டேன் சார்" என்று தாளை நீட்டினார்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "தன்மேலயே புகார் எழுதுற ஸ்டோர் கீப்பரை இப்பத்தான் பாக்குறேன்" என்று கை குலுக்கினார்.

பூட்டு சார் பலகையைத் திறந்து, மூன்று ஒன்பதையும் கழற்றி, பூஜ்ஜியத்தை மாட்டினார். ஆனாலும் தலை குனியவில்லை. லேப் அம்மா இரண்டு காலிலும் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள், அது போதும்.

அதற்குள் செய்தி எட்டி, மனைவி மறுபடி போன் செய்தாள். "சம்பந்திகிட்ட இப்ப என்னன்னு சொல்றது?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு சொல்லு."

பலகையைப் பூட்டும்போது, வாட்ச்மேன் கேட் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். பேரன் பொறந்தப்போ மூணு நாள் அந்தச் சாவி உங்க கழுத்துலதானே இருந்துச்சு? அந்த மூணு நாளும் பலகையில ஏறவே இல்ல. ஆயிரம் முந்தாநாளே முடிஞ்சிடுச்சு."