ஜிக்கோ மூன்றாம் பாகம்

"மொதல் பாகத்துல கதையே கெடையாது மச்சான். ஓடணும், குதிக்கணும், உழுந்து சாவணும். ஆனா ஆட்டம் சும்மா பிச்சுக்கும். ரெண்டாவது பாகத்துல கதைய வெச்சானுங்க, ஆட்டம் படுத்துகிச்சு. இத மட்டும் சொல்லு, பொண்ணு உன்னத்தான் கட்டிக்கும்" என்றான் நண்பன் ஆல்வின், போனில்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வாடகைக் காரில் மோகன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தான். பெண் பார்க்கப் போகிறவன் சட்டை கசங்குகிறதே என்று கவலைப்படுவான். இவன் கவலையெல்லாம் ஜிக்கோ என்கிற, சிவப்பு டவுசர் போட்ட அணிலைப் பற்றி.

ஜிக்கோ ஒரு பழைய வீடியோ கேமின் நாயகன். தரகர் லட்சுமணன் பெண் வீட்டுக்குள் நுழைந்தபோது டிவியில் அதுதான் நின்றுகொண்டிருந்ததாம். மனுஷருக்கு அது போதாதா?

"பொண்ணுக்கு அந்த அணிலுன்னா உசுரு. நம்ம தம்பியும் அதுல கில்லாடின்னு அங்க சொல்லிக்கீறேன்" என்று முன் சீட்டிலிருந்து பெருமையடித்துக்கொண்டார்.

"நான் அத ஆடுனதே இல்லியே அண்ணாத்த!"

"அதுக்கு இன்னா? பொண்ணுக்கு சமைக்கத் தெரியுமான்னு உங்கம்மா கேட்டாங்க. தெரியும்னாங்க. நாம நம்பலியா?"

மோகனுக்கு வேறு வழி தெரியவில்லை. லாரி புக்கிங் ஆபீஸில் நாள் முழுக்கத் தொண்டை கிழியப் பேசுகிறவன், பெண் எதிரே உட்கார்ந்தால் வாயடைத்துப்போவான். 'மாப்பிள்ளை பேசவே மாட்டேங்கறாரு' என்றுதான் போன சம்பந்தம் தட்டிப்போனது. இந்த சுஷ்மிதாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. எப்படியும் இன்று பேசியே தீர்வது என்று கிளம்பியிருந்தான்.

கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. சுஷ்மிதாவும் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு ஜிக்கோல மொதல் பாகம் புடிக்குமா, ரெண்டாவதா?" என்று அவளே ஆரம்பித்தாள்.

"ஆட்டத்துக்கு மொதல் பாகம். கதைக்கு ரெண்டாவது" என்றான் மோகன், மூச்சு விடாமல்.

"எனக்கும் அப்படியேதாங்க!"

இதோடு நிறுத்தியிருந்தால் தட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் பேச்சு ருசித்துவிட்டது.

"அதுவும் ரெண்டாவதுல கடைசி கட்டம் இருக்கே..." என்று ஒரு பிட்டைப் போட்டான்.

"கடைசில இன்னா ஆவும்?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா காசிநாதன், கதை கேட்கும் ஆசையில்.

மோகன் அவசரமாக ஒரு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டான். "அது... அதுல முடியாதுங்க. மூணாவது பாகத்துலதான் முடியும்."

பஜ்ஜித் தட்டோடு வந்த பெண்ணின் அம்மா தெய்வநாயகி, நின்ற இடத்திலேயே நின்று அவனைப் பார்த்தாள். மாமியாருக்கு இப்போதே மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

சுஷ்மிதா கொஞ்சம் பேந்தப் பேந்த விழித்தாள். பிறகு வேகமாகத் தலையாட்டினாள். "ஆமாமா! மூணாவது பாகந்தான் டாப்பு!"

அட, நிஜமாகவே மூணாவது பாகம் இருக்கிறதா! மோகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அதுல ஜிக்கோ நம்ம மாமல்லபுரம் மாதிரி ஒரு எடத்துக்கு வருவான். கடலுக்குள்ள முழுகிப்போன கோயில்ல சாவியத் தேடுவான்."

"திமிங்கலம்கூட தொரத்துமே!"

திமிங்கலம் அவன் கணக்கிலேயே இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? "அந்தத் திமிங்கலம் அவனோட பெரியப்பாதாங்க."

சுஷ்மிதா எச்சில் விழுங்கினாள். "அந்த எடத்துல நான் அழுதுட்டேன்."

"சொத்துத் தகராறா இருக்கும், பாவம்" என்று மோகனின் அம்மா பூவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கதை சரி. ஆட்டம் எப்பிடி?" என்றார் காசிநாதன்.

"குதிக்கவே தேவையில்லைங்க. முழுக்க நீச்சல்தான். மொத ரெண்டும் இது கால் தூசிக்கு வராது" என்றான் மோகன்.

தரகருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. "அப்ப இன்னாத்துக்கு வாயாலயே ஆடிகினு? பொட்டிதான் இங்கியே கீதே! ரெண்டு பேரும் ஆடிக் காட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும்!" என்று எழுந்துபோய் டிவியைப் போட்டார்.

மோகன் முகத்தில் ஈயாடவில்லை. "கையில சுளுக்கு அண்ணாத்த..."

"இவ்ளோ நேரம் பஜ்ஜி துன்னியே, அப்ப சுளுக்கலியா?" என்று பூவாயி ஜாய்ஸ்டிக்கை எடுத்து மகன் கையில் திணித்தாள்.

அவன் அதை ஒற்றைக் கையில் பிடித்து டிவியை நோக்கி நீட்டி அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. "அப்படி இல்லைங்க" என்று வாங்கிய சுஷ்மிதா, அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

அவளும் இவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோகனுக்கு அழுகையே வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

அதற்குள் தெய்வநாயகி பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகளிடமிருந்து ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நவுந்து குந்துங்க மாப்ள. மூணாவது பாகம்னு ஒண்ணு வரவே இல்ல, ரெண்டாவதையே இந்த வூட்ல நான் ஒருத்திதான் முடிச்சிருக்கேன்."