ஏரி மண் போட்ட பிட்ச்

எம்.எஸ்சி. முதல் வருடம் படிக்கிற பெண்ணிடம் யாரும் யோசனை கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவாள். நான் சொன்னேன்.

குடிபாலாவில் எங்கள் கிரிக்கெட் டீமுக்கு அண்ணன் பாபுதான் கேப்டன். அவனுக்குக் காட்பாடியில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் தம்பி சதீஷ் அங்கே ஒரு டீமுக்குக் கேப்டன். "உங்க ஊருக்கு வந்து ஒரு மேட்ச் ஆடலாமா மாமா?" என்று கேட்டுவிட்டான். கூடவே பெண் வீட்டார் ஒரு வேன் நிறைய வருகிறார்களாம்! அண்ணனுக்குச் சோறே இறங்கவில்லை. எங்கள் மைதானம் மணல் கலந்த செம்மண். குத்தினால் புழுதிதான் எழும்பும், பந்து எழும்பாது. சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போய்விடும்.

"இவ்ளோதானா? ஏரிக் களிமண்ணு போட்டு, தண்ணி ஊத்தி, ரோலர் உருட்டுண்ணா. கல்லு மாதிரி ஆயிடும்" என்றேன். (சொன்னது சரிதான். நல்ல பிட்சுக்குக் களிமண்தான் போடுவார்கள். அது காய எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.)

மேட்சுக்கு முந்தின நாள் டிராக்டரில் மண் வந்தது. கருகருவென்று, தொட்டால் வெண்ணெய் மாதிரி! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன், "போதும்டி உமா" என்றான்.

"ஊத்திக்கினே இருண்ணா! நம்ம கிரவுண்டுல எவ்ளோ ஊத்தினாலும் அரை மணியில காணாம பூடும்!"

அங்கேதான் சறுக்கினேன். மணல் துகள் பெரிசு, நடுவே இடைவெளியும் பெரிசு. தண்ணீர் திருப்பதி வி.ஐ.பி. தரிசனம் மாதிரி சரசரவென்று கீழே போய்விடும். களிமண் துகளோ கண்ணுக்கே தெரியாத பொடி. இடுக்கும் அத்தனை சின்னது. தண்ணீர் அதில் ஒட்டிக்கொண்டு நகரவே நகராது, சர்வ தரிசன வரிசை மாதிரி. நான் ஊற்றச் சொன்னதெல்லாம் ராத்திரி முழுக்க வரிசையில் நின்றது.

காலையில் மேலே மட்டும் காய்ந்து பிட்ச் பளபளத்தது. அம்பயர் எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம். (சம்பந்தி வீட்டுக்கு எதிரில் ஒருபக்கமாகப் பேச மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.) அண்ணன் பேட்டிங். சதீஷ் புது வெள்ளை ஷூவில் ஓடி வந்தான் பாருங்கள், எனக்கே கைதட்டத் தோன்றியது! முன்னங்கால் பிட்சில் விழுந்தது. 'புளக்.' கால் வந்தது, ஷூ வரவில்லை. பந்து நடுவில் குத்தி, குத்திய இடத்திலேயே பாதி புதைந்து நின்றது.

நைனா குனிந்து கோட்டைப் பார்த்தார். "நோ பால்!"

"என் காலு இங்க கீதே!" என்று ஒற்றைக் காலில் நின்றபடி சதீஷ் கத்தினான்.

"காலு அங்க கீது. ஷூ கோட்டத் தாண்டிக் கீது" என்றார் நைனா, நீட்டிய கையை இறக்காமல்.

மச்சானைத் தூக்கிவிட ஓடிய அண்ணனும் கணுக்கால் வரை இறங்கிவிட்டான். "உமா! இன்னாடி மண்ணு இது!"

"காஞ்சா கல்லாயிடும்ண்ணா!"

"அது காயறதுக்குள்ள என் கண்ணாலமே முடிஞ்சி பூடும்!"

பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார், சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். அட, சிரிப்பு! அப்புறம் வேனே சிரித்தது. பக்கத்துச் செம்மண்ணில் ஸ்டம்ப் நட்டு, புழுதி பறக்க ஆடினார்கள். தோற்றோம். கல்யாணம் ஜோராக நடந்தது.

இப்போது நான் திருப்பதியில் அறிவியல் டீச்சர். சதீஷ் எங்கள் வீட்டுக்கு வந்தால் கதவுக்கு வெளியே நின்று, "உமாக்கா, உள்ள எந்த மண்ணு?" என்று கேட்பான். "டைல்ஸ்டா, வா!" என்பேன். தலையாட்டிவிட்டு, இரண்டு ஷூவையும் கழற்றிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவான். போன வாரம் அண்ணன் மகனும் அதே கேள்வியைக் கேட்டான். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி.