பசை உபதேசியார் ஒட்டிய பக்கம்

மலாயாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பாவத்துக்குப் பயந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். பாவத்தை மரவள்ளிக் கிழங்குப் பசை போட்டு ஒட்டி மூடிய ஒரே மனிதர் எங்கள் உபதேசியார்தான். பசை உபதேசியார் என்றால்தான் ஆளைத் தெரியும்.

ஜெபக்கூடத்து அலமாரியில் ஏழு கதைப் புத்தகங்கள். கிறிஸ்தவர்கள் வாசிக்கத் தக்கவை என்று அவரே பொறுக்கியவை. ஆறில் ஒரே கதை: ஒருவன் கெடுவான், சாக்கடையில் விழுவான், ஞானப்பாட்டு காதில் விழும், எழுந்துவிடுவான். அந்த ஏழையும்கூட அவர் நம்பவில்லை. கதையில் குடிகாரன் வரலாம், குடிக்கக் கூடாது. காதல் வரலாம், கல்யாணத்துக்குப் பிறகு, அதுவும் கடிதத்தில். மீறிய பக்கங்களை ஒட்டிவிடுவார்.

ஜப்பான்காரன் காலம். மூன்று வேளையும் கிழங்குதான். "நம்ம வயித்துக்கே பத்தல, நீங்க கதைக்கு ஊட்டுறீங்களே லா" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். எனக்கு அன்றும் பயம் கிடையாது.

ஞாயிறு மாலைகளில் அவர் உரக்க வாசிப்பார். அன்று ஏழாவது புத்தகம், கப்பலேறிப் போன புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கும் கதை. கப்பல் வருவதாகச் சேதி கேட்டுக் கடற்கரைக்கு ஓடுகிறாள். உபதேசியார் ஒட்டின பக்கத்தைத் தாண்டி, "பின்பு அவள் அநாதைப் பிள்ளைகளுக்குத் தையல் கற்பித்தாள்" என்று முடித்தார்.

ஞானப்பூ எழுந்து நின்றாள். அவள் புருஷனை சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துப் போய் எட்டு மாதம். ஒரு சேதி இல்லை.

"அந்தாளு வந்தானா ஐயா?"

"விசுவாசிங்க கேக்கத் தக்கதில்ல. உக்காரு."

"அவன் வந்திருந்தா எங்க வீட்டுக்காரரும் வருவாரு. வரலன்னா சொல்லிடுங்க. நாளைக்குக் காலைப் பெரட்டுல பேரு கூப்பிட்டா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

தோட்டத்திலேயே மூளை உள்ளவன் நான்தான். "கிழங்கு வேகுற ஆவில காட்டுனா பிரிஞ்சிடும் ஐயா" என்றேன். நானே காட்டிப் பிரித்தும் கொடுத்தேன்.

உபதேசியார் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வாசித்தார்: "கப்பல் கரை சேர்ந்தது. புருஷன் இறங்கி வந்தான். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்." கொஞ்சம் நிறுத்தி, "முத்தமும் கொடுத்தாள்" என்றார். காது சிவந்துவிட்டது.

"எத்தினி ஐயா?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"ரெண்டு. வாய மூடுடா."

ஞானப்பூ அன்று வயிறாரக் கிழங்கு தின்றாள்.

அலமாரியில் வைக்கச் சொல்லிப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். நான் பள்ளிக்கூடம் போகாதவன். தீப்பெட்டியிலும் சுருட்டுக் கட்டிலும் எழுத்துக் கூட்டியே பின்னாளில் மூன்று லாரிக்கு முதலாளியானவன். அந்தப் பக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன். கப்பல் புயலில் முழுகியிருந்தது. அவள் கரையில் நின்று கடவுளைத் திட்டிக்கொண்டிருந்தாள். முத்தம் எங்குமே இல்லை.

அடுத்த வாரம் ஞானப்பூ புத்தகத்தை இரவல் கேட்பாள். அவளுக்கும் எழுத்துத் தெரியும்.

என் பங்குக் கிழங்கில் பாதியை மசித்து, அந்தப் பக்கத்தை ஒட்டினேன். அவர் ஒட்டியதைவிட அழுத்தமாகவே ஒட்டினேன். ஏன் ஒட்டியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ரெண்டு முத்தம் உள்ள பக்கத்தை எங்கள் உபதேசியார் சும்மா விடுவாரா?