சிதம்பரம் போன கோழிக் குழம்பு

"செத்தவங்களத்தானே ஐஸ் பொட்டியில வைப்பாங்க? ஆக்கி முடிச்ச கோழிய எதுக்குடி வைக்கிற?"

இளவரசி முதன்முதலாகச் சிதம்பரத்துக்குக் குழம்பு டப்பாக்களைக் கொடுத்தனுப்பிய அன்று, நாத்தனார் மங்கலம் போனில் கேட்ட கேள்வி இது. எதிரில் நின்று கேட்டது போல இளவரசிக்குக் காது மடல் சுட்டது.

"ஃப்ரீசர்ல வச்சா கெடாது அண்ணி. வேணுங்கறப்ப எடுத்து சூடு பண்ணிக்கலாம்."

"நாங்கள்லாம் அன்னன்னிக்கு ஆக்கி அன்னன்னிக்கே தின்னு வளந்தவங்க."

வளர்ந்த லட்சணம்தான் தெரிகிறதே என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "சரிங்க அண்ணி" என்றாள்.

இளவரசியின் கணவன் ராஜவேலுக்குச் சிதம்பரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையில் வேலை. திங்கட்கிழமை காலை கடலூரில் பஸ் ஏறினால், சனிக்கிழமை இரவுதான் திரும்புவான். கடை மாடியில் படுக்கை. சாப்பாடு அக்கா மங்கலத்தின் வீட்டில். அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கறி. ராஜவேலுக்கோ இலையில் கோழி இல்லாவிட்டால் சோறு தொண்டையில் இறங்காது.

இளவரசி கடலூரில் ஒரு தையல் கம்பெனியில் மெஷின் மிதித்து, இப்போதுதான் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். அந்த வேலையை விடாமல் புருஷன் வயிற்றையும் வாடவிடாமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழிதான் இது. ஞாயிற்றுக்கிழமை குழம்பு, மிளகு வறுவல், சுக்கா என்று ஆக்கி, ஆறவைத்து, டப்பா டப்பாவாக உறையவைத்து விடுவாள். திங்கட்கிழமை அவை ராஜவேலோடு பஸ் ஏறி, மங்கலத்தின் ஃப்ரீசருக்குக் குடிபோகும்.

முதல் வாரம் டப்பாக்கள் புதன்கிழமையே காலியாகிவிட்டன, ஒரு வம்பும் இல்லை. அடுத்த வாரம் ராஜவேல் போன் செய்தான்.

"குழம்பு ஊசிப்போச்சாம் இளவரசி."

"போச்சாம்னா? நீங்க மோந்து பாத்தீங்களா?"

"அக்கா சாக்கடையில ஊத்திட்டு வந்துதான் சொல்லிச்சு."

"அப்ப அந்தச் சாக்கடைய மோந்து பாத்தீங்களா?"

ராஜவேல் போனை வைத்துவிட்டான்.

அன்று முழுவதும் இளவரசிக்குக் கம்பெனியில் வேலை ஓடவில்லை. தேங்காய் அரைத்து ஊற்றியதுதான் தப்போ என்று யோசித்து, மறு வாரம் தேங்காயே இல்லாமல் குழம்பு வைத்தாள்.

இந்த முறை மங்கலமே கூப்பிட்டாள். "கொழம்பா இது? வெறும் மொளகாத் தண்ணி. அதுவும் ஊசிப்போச்சு."

"ஊசிப்போனது மொளகாத் தண்ணியா இருந்துச்சுன்னு எப்படித் தெரியும் அண்ணி? தின்னு பாத்தீங்களா?"

"ஒனக்கு வாய் நீண்டுபோச்சுடி" என்றாள் மங்கலம்.

ஒரு டப்பாவைத் தன் வீட்டு ஃப்ரீசரிலேயே ஒளித்து வைத்துப் பரிசோதித்தாள் இளவரசி. ரெண்டு வாரம் கழித்துச் சூடு செய்தால், அன்றைக்கு இறக்கியது போல மணத்தது. கடலூரில் கெடாத குழம்பு சிதம்பரத்தில் மட்டும் கெடுமா? நல்ல கறியைத் தின்றுவிட்டுப் பழியை என் தலையில் போடுகிறாளா? நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? கையில் கிடைத்தவன் கோழிக்கடை தேவநாதன்தான்.

"ஏன்பா, செத்துப்போன கோழியவா அறுத்துக் குடுக்குற?"

தேவநாதன் கத்தியைக் கீழே வைத்தான். "ஏங்க்கா, ஒங்க கண்ணு முன்னாடிதான் றெக்கய அடிச்சிக்கிட்டு அந்தக் கத்து கத்துச்சு. அதுக்கு மேல என்ன ஃப்ரெஷ்ஷு வேணும்? பொறந்த சர்ட்டிபிகேட்டா?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த ரோஷத்தில் தேவநாதன் அடுத்த வாரம் தேடிப் பிடித்து, முற்றின கோழியாக வெட்டிக் கொடுத்தான். குக்கர் கூவிக் கூவி ஓய்ந்ததுதான் மிச்சம்.

"ஊசியும் போச்சு, வேகவும் இல்ல" என்று வந்தது சிதம்பரத்துத் தீர்ப்பு.

கம்பெனியில் அவள் லைனில் தைக்கும் கயல்விழி ஒரு யோசனை சொன்னாள். "அக்கா, பஸ் சூட்டுல வழியிலயே எளகிப்போவுதோ என்னமோ. எங்க அண்ணன் துறைமுகத்துல மீனுக்கு வைக்கிற தெர்மோகோல் பொட்டி இருக்கு, கொண்டாரட்டுமா? உள்ள ஐஸ் போட்டு மூடுனா சாயந்தரம் வரைக்கும் அப்பிடியே இருக்கும்."

இளவரசி பெட்டியை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தாள். திங்கட்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு ராஜவேல் பஸ்ஸில் உட்கார்ந்ததும், பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"வஞ்சிரமா தம்பி?"

"கோழிங்க."

"விக்கிறதுக்கு இல்லன்னா இல்லன்னு சொல்லு. அதுக்கு எதுக்குப் பொய்யி?"

கண்டக்டர் வந்து பெட்டிக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். ஒரு அம்மாள் இறங்கும் வரை விடாமல் கிலோ என்ன விலை என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சிதம்பரத்தில் இறங்கிய ராஜவேலை நாலு பூனைகள் அக்கா வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டன.

"கோழிக் கொழம்பு அனுப்புனியா, கெளுத்திக் கொழம்பு அனுப்புனியா?" என்று கேட்டாள் மங்கலம். "வாசப்படியக் கழுவி வுட்டுட்டுப் பேசறேன். போதும்டி. அந்த வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து ஒரு வூடு பாருங்க. புருஷனுக்குச் சுடச்சுட ஆக்கிப் போடறத வுட ஒனக்கு அந்த சூப்பர்வைசரு பெருசாப் போச்சா?"

ராஜவேலும் போனில் முனகினான். "அக்கா சொல்றதும் சரிதான இளவரசி. எனக்கும் வவுறு ஒரு மாதிரியாவே இருக்கு."

அவ்வளவுதான். சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு இளவரசி சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுக மங்கலத்தோடு மனசுக்குள்ளேயே சண்டை போட்டாள். எல்லாச் சண்டையிலும் அவள்தான் ஜெயித்தாள்.

மங்கலத்தின் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் ராஜவேல் சாப்பிட உட்கார்ந்திருந்தான். மங்கலத்தின் கணவர் உத்திராபதி நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அவர் வீட்டில் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசுவதற்கு அங்கே இடமும் இல்லை.

"வாம்மா சூப்பர்வைசரு" என்றாள் மங்கலம். "கணக்குப் பாக்க வந்தியா?"

"மிச்சமிருக்கற சுக்கா டப்பாவ எடுங்க அண்ணி. என் கண்ணு முன்னாடி சூடு பண்ணணும்."

"நான் பண்ணா பொய்யுன்னு சொல்லுவ. நீயே எடு, நீயே பண்ணு."

இளவரசி ஃப்ரீசரைத் திறந்தாள். டப்பா கல் மாதிரி உறைந்திருந்தது. இதுவா கெட்டுப்போகும் என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டே சட்டியில் கவிழ்த்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஐஸ் இளகியது. ஓரத்தில் நுரைத்தது. பிறகு வாசம் கிளம்பியது. இளவரசி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கூடத்தில் ராஜவேல் இலையை ஒதுக்கிவிட்டு எழுந்தான்.

"இப்பச் சொல்லு" என்றாள் மங்கலம். "நான் புளுகுறேனா?"

மங்கலம் பொய் சொல்லவில்லை. கறி நிஜமாகவே கெட்டுத்தான் இருந்தது. ஆனாலும் இளவரசிக்கு விட மனசில்லை.

"அப்ப உங்க ஃப்ரிட்ஜிலதான் ஏதோ கோளாறு அண்ணி!"

"என்னடி சொன்ன? போன தீவாளிக்கு வாங்குனதுடி அது! தம்பி, வந்து தெறந்து பாருடா. கைய வுட்டுப் பாரு!"

ராஜவேல் போய்ப் பார்த்தான். ஐஸ் தட்டில் கட்டிகள் பாறையாக இருந்தன. கீழ்த் தட்டில் சாமிக்கு வைத்த பாலும் கதம்பப் பூவும் அப்போது கறந்தது போல, அப்போது பறித்தது போல இருந்தன.

"ஃப்ரிட்ஜு நல்லாத்தான் இருக்கு இளவரசி" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "வுட்ரு. திங்கக்கிழம எழுதிக் குடுத்துரு."

இளவரசி அடுப்பை அணைத்தாள். எத்தனை வருஷம் மெஷின் மிதித்து வாங்கிய சூப்பர்வைசர் நாற்காலி! கோபத்தில் வந்த கண்ணீரை மங்கலம் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாதே என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி சொல்ல என்ன இருக்கிறது? "சரிங்க" என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் கூடத்தில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. வீட்டுப் பொருளைக் குறை சொன்னது உத்திராபதிக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"அந்த ஃப்ரிட்ஜ ஒண்ணும் சொல்லாதம்மா" என்றார். "சாமி பாலு இருக்கற எடம்னு ஒங்க அண்ணி அத எவ்ளோ சுத்தமா வச்சிருக்கா தெரியுமா? வெள்ளி, கிருத்திக, அமாவாச, பிரதோஷம் எது வந்தாலும் சரி, முந்தின நாளு சாயந்தரமே ஒன் கறி டப்பா அத்தனையும் எடுத்து மாடிப்படிக்குக் கீழ வச்சிடுவா. நல்ல நாளு முடிஞ்சு மறுநாள் விடிஞ்சதும் தலைக்கு ஊத்திக்கிட்டு, திரும்ப உள்ள வச்சி ஐஸாக்கிடுவா. ஒரு தடவகூடத் தவறுனதில்ல!"

ராஜவேல் அக்காவைப் பார்த்தான். இளவரசி சுவரிலிருந்து மெல்லத் திரும்பினாள்.

மங்கலம் அடுப்பிலிருந்த சட்டியைத் துணி வைத்துப் பிடித்துத் தூக்கினாள். யார் முகத்தையும் பார்க்காமல் கொல்லைப்புறமாக இறங்கிப் போனாள்.